ஒன்பது லட்சுமிகளும் ஒரு சர்வரும்

போன மாதம் உத்திரமேரூர் மையத்திலிருந்து ஒரு போன் வந்தது. நான் ஓய்வு பெற்றபோது விட்டுவந்த நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருக்கும் பிரியா பேசினாள். வேலைக்குப் புதிதாக ஒரு ஆப் கொடுத்திருக்கிறார்களாம். இன்டர்நெட் இல்லாவிட்டாலும் அது ஓடுமாம். விவரமெல்லாம் முதலில் நம் கையில் இருக்கும் போனிலேயே இருக்குமாம். பக்கத்து மையத்துப் போனைச் சந்திக்கும்போது, நடுவில் யார் தயவும் இல்லாமல், இரண்டும் நேராகப் பேசிக் கணக்கைச் சரிபார்த்துக்கொள்ளுமாம்.

"இதுக்குப் பேரு லோக்கல் ஃபர்ஸ்ட் மேடம். ரொம்பப் புதுசு" என்றாள்.

"இன்னாம்மா புதுசு? நாங்க இத பஸ்ஸுல பண்ணிக்கினு இருந்தோம்" என்றேன்.

வயதானவள் ஏதோ உளறுகிறாள் என்று நினைத்திருப்பாள். பிறகு, மரியாதைக்காக, "அத எழுதிக் குடுங்க மேடம், எங்க டிரெய்னிங்ல படிக்கிறோம்" என்றாள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நான் மாட்டு டாக்டர் இல்லை. டைப்ரைட்டிங் ஹையர் முடித்துவிட்டுக் கம்ப்யூட்டர் ஆபரேட்டர் ஆனவள். வேலையில் இருந்த காலம் முழுக்க மாடுகளைப் பற்றி டைப் அடித்தேனே தவிர, மாடுகள் என்றால் எனக்குப் பயம். எதிரே ஒன்று வந்தால் தெருவை மாற்றிக்கொள்வேன்.

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு அறக்கட்டளை எங்கள் பக்கம் கால்நடை நல மையங்களைத் திறந்தது. உத்திரமேரூரில் ஒன்று, வாலாஜாபாத்தில் ஒன்று, ஐயங்கார்குளத்தில் ஒன்று. தலைமை அலுவலகம் சென்னை. மாட்டுக்கு ஊசி போடுவது, சினை பார்ப்பது, எல்லாவற்றையும் பதிவேட்டில் ஏற்றுவது, இவைதான் வேலை. எனக்குச் சென்னையில் மூன்று நாள் பயிற்சி. முதல் நாள் கம்ப்யூட்டரைப் போடவும் அணைக்கவும் சொல்லிக்கொடுத்தார்கள். இரண்டாம் நாள் கரண்ட் இல்லை. மூன்றாம் நாள் சான்றிதழ் கொடுத்தார்கள்.

மையத்தில் எனக்கு மேலதிகாரி டாக்டர் சாமுவேல். நெட்டையான மனிதர், காதில் எப்போதும் ஒரு பென்சில். பேச்சு குறைவு. பசுக்களோடு பழகிப் பழகி அவருக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டிருந்தது. யாரைப் பார்த்தாலும் "அம்மா" என்பார். என்னையும் அம்மா, போஸ்ட்மேனையும் அம்மா. சென்னை மேனேஜரிடம் போனில் பேசும்போதுகூட, "சொல்லும்மா, சொல்லும்மா, பதறாதம்மா" என்பார். மேனேஜருக்கு மீசை இருந்தது.

கம்ப்யூட்டரையும் அவர் மாடு போலத்தான் நடத்தினார். காலையில் வந்ததும் புறங்கையை அதன் பக்கவாட்டில் வைத்துச் சூடு பார்ப்பார். "காய்ச்சல் இல்லம்மா, ஆரம்பிங்க" என்பார். அதற்குப் பிறகுதான் நான் விசைப்பலகையைத் தொட வேண்டும். ஒருநாள், கம்ப்யூட்டரைப் போன் லைனோடு இணைக்கும் மோடம் வினோதமாகக் கத்தியபோது ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டார். "மேல் மூச்சு வாங்குது. லைனுக்குத்தான் கோளாறு, இதுக்கு ஒண்ணுமில்ல" என்றார். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் கேட்டால் அதே பதில்தான் வந்தது.

அந்த லைனை நம்பி எதுவும் செய்ய முடியாது என்பதுதான் எங்கள் கதையின் ஆரம்பம். மழை வந்தால் போன் செத்துவிடும். வெயில் வந்தால் கரண்ட் செத்துவிடும். அதனால் மையத்துக்கு ஒன்றாக, முழுப் பதிவேட்டின் மூன்று பிரதிகள் இருந்தன. யாரும் யாருக்காகவும் காத்திருக்காமல் அவரவர் பிரதியில் எழுதிக்கொண்டே போவோம். சனிக்கிழமை மாற்றிக்கொள்வோம்.

இந்த ஏற்பாட்டுக்குப் புரோகிராம் எழுதியவர் வாலாஜாபாத் மையத்து ஆபரேட்டர் ரஹ்மத்துல்லா. அங்கே அவர் குடும்பத்துக்குச் செருப்புக் கடை. செருப்பு அளவு எடுக்கப் பிடிக்காமல் காஞ்சிபுரம் போய்க் கம்ப்யூட்டர் படித்தவர். நான் அவரை பாய் என்பேன், அவர் என்னைக் கஸ்தூரிக்கா என்பார்.

சனிக்கிழமை நடைமுறையை அப்படியே சொல்கிறேன். அந்த வாரம் நான் எழுதியதை இரண்டு ஃப்ளாப்பியில் ஏற்றுவேன், ஒன்று வாலாஜாபாத்துக்கு, ஒன்று ஐயங்கார்குளத்துக்கு. ஒவ்வொன்றையும் பிளாஸ்டிக் கவரில் சுற்றி, டிபன் பாக்ஸில் வைத்து, மேலே "வெயில், தண்ணி, ஸ்பீக்கர் ஆகாது" என்று எழுதி ஒட்டுவேன். பதினோரு மணி பஸ்ஸில் கண்டக்டரிடம் கொடுப்பேன். ஸ்பீக்கர் ஆகாது என்று ஏன் எழுதினேன் என்றால், பாட்டு போடும் பஸ்களில் ஸ்பீக்கர் மேல் டிபன் பாக்ஸை வைத்துவிடுவார்கள், அதிலிருக்கும் காந்தம் ஃப்ளாப்பியில் எழுதிய எல்லாவற்றையும் தின்றுவிடும். ஒரு வாரம் எண்பது மாடுகள் அப்படிப் பாட்டோடு போயின. இன்னொரு வாரம் ஒரு புது கண்டக்டர், நாஷ்டா என்று நினைத்து ஆசையாகத் திறந்துவிட்டு, "இன்னாம்மா இது, பூனை கூடத் துன்னாது" என்று வருத்தத்தோடு திருப்பிக் கொடுத்தார்.

அதே பஸ் திரும்பும்போது பாயின் ஃப்ளாப்பி வரும். அதை என் கம்ப்யூட்டரில் போட்டால் அவர் எழுதியதும் நான் எழுதியதும் கலக்கும். ஒரே மாட்டைப் பற்றி இருவரும் வேறு வேறாக எழுதியிருந்தால், இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் வந்து நிற்கும். "வாலாஜாபாத் இப்படிச் சொல்கிறது, உத்திரமேரூர் இப்படிச் சொல்கிறது." எதையும் புரோகிராம் தானாக அழிக்காது. அங்கே டாக்டர் வைத்த விதி ஒன்றே ஒன்றுதான்.

"ரெண்டு பேரும் ரெண்டு விதமா சொன்னா, மாட்டைப் போய்ப் பாரும்மா."

ஒருமுறை பாயின் பிரதியில் ஒரு பசு இறந்துவிட்டது. என் பிரதியில் அதே பசு முந்தாநாள் கன்று போட்டிருந்தது. டாக்டர் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தார். பசு நன்றாக அசைபோட்டுக்கொண்டிருந்தது. சொந்தக்காரரைக் கேட்டதற்கு, "செத்துப்போச்சின்னா ஊசி போட வரமாட்டீங்கன்னு சொன்னேன் டாக்டரய்யா. ஊசின்னா அதுக்கு பேஜாரா கீது" என்றாராம். டாக்டர் ஊசி போட்டுவிட்டு, இறந்த தேதியை அடித்து எழுதினார்.

இப்படி நாலைந்து வருஷம் ஓடியது. பிறகு சென்னையில் வெப்சைட் வந்தது.

மேனேஜர் நேரில் வந்து விளக்கினார். இனிமேல் மாடுகள் எல்லாம் சென்ட்ரல் சர்வரில் இருக்கும். நாங்கள் போன் லைன் வழியாக அந்த சர்வருக்குள் போய் எழுத வேண்டும். ஃப்ளாப்பி, டிபன் பாக்ஸ், பஸ் எதுவும் கூடாது. "ஒரே இடம், ஒரே உண்மை" என்றார். சொல்லும்போது விரலை உயர்த்தினார். அந்த நேரம் பார்த்து, சர்வரைக் காட்ட அவர் போட்டிருந்த போன் லைன் அறுந்தது. உயர்த்திய விரலை அவர் மெதுவாக இறக்கிக்கொண்டார்.

எங்கள் மூன்று பதிவேடுகளையும் வாங்கிப் போய்ச் சென்னையில் சேர்த்தார்கள். இங்கேதான் வில்லங்கம். எங்கள் பதிவேட்டில் ஒவ்வொரு மாட்டுக்கும் மையத்தின் எழுத்தும் எண்ணும் உண்டு. உத்திரமேரூர் பதினேழு என்றால் 'உ17', வாலாஜாபாத் பதினேழு என்றால் 'வா17'. சென்னைப் படிவத்தில் எண்ணுக்கு மட்டும்தான் இடம் இருந்தது. எழுத்தை வெட்டிவிட்டார்கள். வெட்டியதும் ஒவ்வொரு எண்ணிலும் மூன்று மாடுகள் வந்து முட்டிக்கொண்டன. அதைச் சரிசெய்ய, எண்ணையே விட்டுவிட்டு, சொந்தக்காரர் பெயரும் மாட்டின் பெயரும் ஒன்றாக இருந்தால் அது ஒரே மாடு என்று முடிவு கட்டினார்கள்.

எங்கள் பக்கம் முனியம்மாக்களுக்குப் பஞ்சமில்லை. பசுவுக்கு லட்சுமி என்று பெயர் வைக்காத வீடும் குறைவு. முனியம்மாவின் லட்சுமி என்று மூன்று மையத்திலும் சேர்த்து ஒன்பது பசுக்கள் இருந்தன. ஒன்பதும் சர்வரில் ஒரே பசு ஆயின.

அந்தப் பசு ஒரு வருஷத்தில் ஏழு கன்று போட்டிருந்தது. ஒன்பது பசுக்களின் பாலை ஒன்றாகக் கறந்தது. நிறம் என்ற இடத்தில் "வெள்ளை, கறுப்பு, செவலை" என்றும், கொம்பு என்ற இடத்தில் "உண்டு, இல்லை, ஒன்று மட்டும்" என்றும் இருந்தது. ஒருமுறை இறந்தும் இருந்தது. ஆனால் அதற்குப் பிறகு இரண்டு கன்று போட்டிருந்ததால் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வெப்சைட்டின் முதல் பக்கத்தில் "நமது திட்டத்தின் சாதனைப் பசு" என்று போட்டு, பனிமலை அடிவாரத்தில் நிற்கும் ஏதோ ஒரு வெளிநாட்டு மாட்டின் படத்தையும் போட்டார்கள்.

நான் மேனேஜருக்குப் போன் செய்தேன். "சார், அது ஒரு மாடு இல்ல. ஒம்போது மாடு."

"சிஸ்டம்ல ஒண்ணுதாம்மா காட்டுது."

"சிஸ்டம் தப்பா காட்டுது சார்."

"கஸ்தூரி, சிஸ்டத்தை நீங்க கரெக்ட் பண்ணக் கூடாது, சிஸ்டம்தான் உங்களைக் கரெக்ட் பண்ணணும்" என்று வைத்துவிட்டார்.

அடுத்த வாரம் ஒரு கடிதம் வந்தது. மையங்களில் உள்ள பழைய பதிவேட்டை அழித்துவிட்டு, அழித்ததற்குச் சான்று அனுப்ப வேண்டும். கடிதத்தை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போனேன். அவர் இரண்டு முறை படித்தார்.

"அழிக்கச் சொன்னா அழிக்கணும்தான்மா. ஆனா அங்க எல்லாம் சரியா போய்ச் சேர்ந்துச்சான்னு பார்த்துட்டுதானே அழிக்கணும்? பார்க்க எவ்ளோ நாள் ஆகும்னு லெட்டர்ல போடல. மெதுவா பாருங்க."

நான் மெதுவாகப் பார்த்தேன். பாயும் அப்படியே. வாரம் ஒருமுறை டிபன் பாக்ஸ் மட்டும் சத்தமில்லாமல் போய்வந்து கொண்டிருந்தது.

அந்த வருஷம் பக்கத்து மாவட்டத்தில் கோமாரி வந்தது. வாயிலும் குளம்பிலும் புண் வரும் நோய். ஒரு மாட்டுக்கு வந்தால் ஊரெல்லாம் பரவும். கூலி வேலைக்குப் போய்ப் பிழைக்கிற வீடுகளில் ஒற்றைப் பசுதான் இருக்கும். அது படுத்துவிட்டால் அந்த வீடும் படுத்துவிடும். சென்னையிலிருந்து தடுப்பூசி ஐஸ் பெட்டியில் வந்து இறங்கியது. டாக்டர் திறந்து எண்ணினார். திரும்பவும் எண்ணினார். எங்களுக்கு வேண்டியதில் பாதிகூட இல்லை.

சர்வர் கணக்குப்படி அனுப்பியிருந்தார்கள். லட்சுமிகள் மட்டுமா ஒன்றானார்கள்? செல்விகள், பவுனுகள், செவலைகள் எல்லாம் ஒன்றோடொன்று கலந்து பாதி மாடுகள் காணாமல் போயிருந்தன. மிச்சமிருந்ததில், யாரோ ஒரு லட்சுமிக்கு எப்போதோ போட்ட ஊசி, எல்லா லட்சுமிக்கும் போட்டதாக நின்றது.

டாக்டர் மேனேஜருக்குப் போன் செய்தார். நான் பக்கத்திலேயே நின்றேன். அவர் கோபப்பட்டு அன்றுதான் பார்த்தேன். "இல்லம்மா... மாடு இருக்கும்மா... நான் பார்த்துக்கிட்டு நிக்கிறேன்மா, என் எதிர்ல சாணி போடுதும்மா!" அந்தப் பக்கம் மேனேஜர் சர்வர், சர்வர் என்றுதான் சொன்னார் போல. டாக்டர் ரிசீவரை வைத்துவிட்டு, காதிலிருந்த பென்சிலை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடியும் காதிலேயே வைத்தார்.

"திட்டத்துக்குப் பண உதவி பண்ற டெல்லி அம்மா திங்கட்கிழமை வர்றாங்களாம். சாதனைப் பசுவைப் பார்க்கணுமாம். மேனேஜரே கூட்டிக்கிட்டு வர்றாராம்" என்றார். பிறகு ஐஸ் பெட்டியை மூடினார். "வரட்டும். மாட்டைப் போய்ப் பாருன்னுதானே நாம சொல்லுவோம்."

ஒன்பது லட்சுமிகளையும் ஒரே இடத்தில் நிறுத்திவிடலாம் என்றேன். டாக்டர் முறைத்தார். "நோய் வர்ற நேரத்துல ஊர் ஊரா மாட்டைக் கலக்கலாமாம்மா? நம்ம ஊரு நாலு வரட்டும், தள்ளித் தள்ளிக் கட்டுவோம். வெளியூர் அஞ்சும் அங்கயே இருக்கட்டும்."

"அப்புறம் எப்படிக் காட்டறது?"

பாய்தான் போனில் வழி சொன்னார். "போட்டோ எடுத்துடலாம்க்கா. முனியம்மாங்களை நான் பஸ்ல கூட்டியாறேன்."

திங்கட்கிழமை காலை மையத்து வாசலில் சலவை சோடா கரைத்த தண்ணீரைத் தட்டில் வைத்தோம். உள்ளே வருகிறவர்கள் அதில் காலை நனைத்துவிட்டுத்தான் வர வேண்டும், நோய்க்கிருமி ஒட்டி வராமல் இருக்க. டெல்லி அம்மா தயங்காமல் செருப்போடு இறங்கினார். மேனேஜர் புது ஷூவைப் பார்த்தார், டாக்டரைப் பார்த்தார். "இறங்கும்மா" என்றார் டாக்டர். மேனேஜர் இறங்கினார்.

முற்றத்தின் நான்கு மூலையிலும் நான்கு பசுக்கள். ஒன்று வெள்ளை, ஒன்று கறுப்பு, இரண்டு செவலை. பக்கத்தில் நான்கு பெண்கள்.

மேனேஜர் டாக்டரிடம் மெதுவாகக் கேட்டார். "இதுல லட்சுமி எது?"

டாக்டர் முற்றத்தைப் பார்த்துச் சத்தமாக, "லட்சுமி எங்கம்மா?" என்றார்.

"இங்க கீதுங்க!" என்றன நான்கு குரல்கள்.

"சரி, முனியம்மா யாரு?"

நான்கு கைகள் உயர்ந்தன. கறுப்புப் பசுவின் முனியம்மா மட்டும் கொஞ்சம் பயந்துபோய், "டாக்டரய்யா, எம்மாடு இன்னா தப்பு பண்ணிச்சி? வேலைய வுட்டுட்டு வந்துகிறேன்" என்றாள்.

டெல்லி அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. மேனேஜர் ஆங்கிலத்தில் ஏதோ வேகமாகச் சொல்லிச் சிரித்தார். டாக்டருக்கு ஆங்கிலம் மருந்துச் சீட்டு எழுத மட்டும்தான் வரும். டாக்டர் வாய் திறக்கும்போதெல்லாம் குறுக்கே வந்து, மொழிபெயர்ப்பது போல வேறு எதையோ சொன்னார். டாக்டர் என்னைப் பார்த்தார். நான் முந்தின நாள் அச்செடுத்த பட்டியலை எடுத்து வந்தேன். ஒவ்வொரு மாடும், எந்த ஊர், எந்த முனியம்மா, கடைசியாக ஊசி போட்டது எப்போது, எல்லாம் மடிப்பு மடிப்பாக நீண்ட காகிதத்தில் இருந்தது. முற்றத்தில் அதை விரித்துக் காட்டலாம் என்று ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்தேன்.

பின்னால் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் நடந்ததுதான் என் தப்பு. முதுகில் சூடாக ஒரு மூச்சு பட்டது. திரும்பினால் வெள்ளை லட்சுமியின் முகம். வேலை பார்த்த காலத்திலேயே ஒரு மாட்டை அவ்வளவு நெருக்கத்தில் பார்த்தது அன்றுதான். நான் போட்ட கூச்சலில் காகிதத்தை விட்டுவிட்டேன். லட்சுமி விடவில்லை. நிதானமாக, ஒரு மடிப்பைக்கூடச் சிந்தாமல், உள்ளே இழுத்துக்கொண்டே போனாள். முனியம்மா ஓடி வந்து வாயைப் பிடித்து இழுத்தபோது கையில் வந்தது கடைசி இரண்டு பக்கம்தான்.

மேனேஜர் முகத்தில் வெளிச்சம் வந்தது. "இப்ப ஆதாரம் எங்கே? ஒரே காப்பியை வெச்சுக்கிட்டு இருந்தா இப்படித்தான் ஆகும்" என்றார். மறுபடி அச்செடுக்க உள்ளே ஓடினேன். கரண்ட் இல்லை. கதவருகில் நின்றபடியே எனக்கு அழுகை வந்துவிட்டது. டாக்டர் வந்து, "அழாதம்மா, பதினோரு மணி ஆச்சு" என்றார். எதற்கு மணி சொல்கிறார் என்று எனக்குப் புரியவில்லை.

வாலாஜாபாத் பஸ் வந்து நின்றது. முதலில் பாய் இறங்கினார். அவருக்குப் பின்னால் ஐந்து முனியம்மாக்கள், அதில் ஒருத்தி ஐயங்கார்குளத்திலிருந்து காஞ்சிபுரம் போய் அங்கிருந்து வாலாஜாபாத் வந்து சேர்ந்துகொண்டவள். ஒவ்வொருவர் கையிலும் அவரவர் பசுவின் போட்டோ. எல்லாம் ஒரே ஸ்டுடியோக்காரரின் கைவேலை. பசுக்கள் நேராகக் கேமராவைப் பார்த்துக்கொண்டிருந்தன, கல்யாணத்துக்குப் பெண் தேடும் வீட்டுக்கு அனுப்புகிற படம் மாதிரி. பாயின் தோளில் ஒரு காகிதக் கட்டு.

"உன் லிஸ்டுதான்க்கா. எங்கிட்டயும் அதே கீதே? எதுக்கும் இருக்கட்டும்னு அச்சடிச்சுக் கொண்டாந்தேன்."

பாய் நேராக டெல்லி அம்மாவிடம் போய், தன் வீட்டில் பேசும் உருதுவில் பேச ஆரம்பித்தார். அந்த அம்மாவின் முகம் மாறியது. அவர் இந்தியில் கேட்க, பாய் உருதுவில் சொல்ல, நடுவில் மேனேஜருக்கு வேலையே இல்லாமல் போய்விட்டது. பாய் ஒன்பது விரலைக் காட்டினார். அந்த அம்மா நான்கு மூலையையும் பார்த்தார், ஐந்து போட்டோவையும் வாங்கிப் பார்த்தார். பிறகு லட்சுமி தின்று மிச்சம் வைத்த இரண்டு பக்கத்தை வாங்கி, பாயின் கட்டின் கடைசி இரண்டு பக்கத்தோடு வரிக்கு வரி வைத்துப் பார்த்தார். ஒரு எழுத்து மாறவில்லை.

சிரிக்க ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, சட்டென்று சிரிப்பை நிறுத்தி, மேனேஜரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். பாய் என் காதில் மொழிபெயர்த்தார். "அப்ப ஊசி போடாத மாடு எத்தனைன்னு கேக்கறாங்க."

மேனேஜர் அன்று சென்னைக்குப் போன் செய்தது எங்கள் போனிலிருந்துதான். லைன் கிடைத்தது.

மறுநாள் இரண்டாவது ஐஸ் பெட்டி வந்தது. பட்டியலை மூன்றாகப் பிரித்து, ஒவ்வொரு மையமும் அவரவர் ஊர்களில் இறங்கினோம். வரிசையில் கூட்டம் தாங்காமல் டாக்டர் என்னைக் கயிறு பிடிக்கச் சொன்னார். பிடித்தேன். கண்ணை மூடிக்கொண்டு பிடித்தேன் என்றாலும் பிடித்தேன். மூன்று வாரம் கழித்து எங்கள் ஊர்ப் பக்கமும் கோமாரி வந்தது. ஒன்பது லட்சுமிக்கும் ஒன்றும் ஆகவில்லை. நோயில் படுத்தது ஒரே ஒரு பசு. செத்துப்போச்சு என்று சொல்லி இந்தத் தடவையும் அதே ஆள் அதை ஒளித்துவைத்திருந்தார். டாக்டர் தினம் போய்ப் புண்ணைக் கழுவி மருந்து போட்டார். பசு எழுந்து நின்ற அன்று சொந்தக்காரர் டாக்டரின் காலில் விழப் போனார். டாக்டர் விலகிக்கொண்டு, "மாடு உசுரோட கீதுன்னு கையெழுத்துப் போடும்மா" என்று நோட்டை நீட்டினார்.

அதற்கு அடுத்த மாதம் சென்னையிலிருந்து எனக்கு ஒரே உறையில் இரண்டு கடிதங்கள் வந்தன. இரண்டிலும் மேனேஜரின் கையெழுத்து.

முதல் கடிதம் மெமோ. தலைமை அலுவலகத்தின் உத்தரவை மீறி, பழைய பதிவேட்டை அழிக்காமல் வைத்திருந்தது ஏன் என்று மூன்று நாட்களுக்குள் விளக்கம் தர வேண்டும்.

இரண்டாவது கடிதத்தில், சர்வரின் டிஸ்க் பழுதாகி எல்லா விவரங்களும் போய்விட்டதால், என்னிடம் உள்ள பழைய பதிவேட்டின் பிரதியை உடனே, மிக அவசரமாக அனுப்பிவைக்கும்படி கேட்டிருந்தார்கள்.

டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் இரண்டையும் படித்தார். "ரெண்டு பதிலாம்மா எழுதப் போறீங்க? பேப்பர் வீண்" என்றார்.

நான் ஒரு ஃப்ளாப்பியை எடுத்துப் பதிவேட்டை ஏற்றினேன். வெள்ளைத் தாளில் இரண்டு கடிதங்களின் எண்ணையும் மேலே குறிப்பிட்டு, கீழே ஒரே வரி எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

"ஐயா, தாங்கள் கேட்ட விளக்கம் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது."